பெட்டியில் கிடைத்த பிள்ளையும் விடுதியில் வளர்ந்த பெண்ணும்

அரியலூர் ஜில்லாவில் கொள்ளிடக் கரையிலுள்ள திருமழபாடியில் வருஷாவருஷம் பங்குனி மாதத்தில் நந்தி கலியாணம் என்று ஒரு கூத்து நடந்து வருகின்றது. நந்தி கலியாணம் பார்த்தால் முந்திக் கலியாணம் என்று ஒரு வசனத்தையும் கட்டிவிட்டிருப்பதால், கலியாணமாகாத பிள்ளைகளைப் பெற்றோர்கள் அழைத்துப்போய்க் கும்பலில் நிறுத்துகின்றார்கள். பெற்றோரில்லாத பெண்ணை யார் அழைத்துப் போவது என்பதே நமது கேள்வி.

புராணப்படிக்கே பேசுவோம். சிலாத முனிவர் யாகத்துக்கு நிலம் உழும்போது பெட்டியில் கிடைத்த பிள்ளையாம் இந்த நந்தி. அப்பிள்ளைக்குத் திருவையாற்றுக் கடவுளே தகப்பன் ஸ்தானத்தில் நின்று சுயசை என்ற பெண்ணைப் பேசி முடித்தாராம். பழனத்திலிருந்து பழமும், சோற்றுத்துறையிலிருந்து சோறும், பூந்துருத்தியிலிருந்து பூவும், நெய்த்தானத்திலிருந்து நெய்யும் வந்தனவாம். ஊர் பேர் தெரியாத மாட்டுமுகக்காரனுக்கு ஏழூர் உறவு! அதே பக்தர்கள் விடுதியில் வளர்ந்த பெண்ணைக் கண்டால் முதலில் கேட்பது, “என்ன ஜாதி? யார் பெற்றது?” என்பதுதான். கன்னிகாதானம் என்கின்ற சடங்கிலோ, தானம் கொடுக்க ஒரு தகப்பன் வேண்டும். பெண் என்ன, பசுமாடா? புரோகிதரும் வேண்டாம், தானம் கொடுப்பவனும் வேண்டாம், மாலை மாற்றினாலே போதும் என்று நம் சட்டசபை 1967இல் சட்டம் செய்த பிறகும் இந்தக் கேள்விகள் ஓயவில்லை.

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லையென்று நாம் சொல்ல வரவில்லை. அன்னை தெரசா பேரால் உள்ள திட்டத்தில் ஆதரவற்ற பெண்ணின் கலியாணத்துக்கு 25,000 ரூபாயும், பட்டம் பெற்றவளாயின் 50,000 ரூபாயும், 8 கிராம் தங்கமும் ஏற்படுத்தினார்கள். ஆனால் அந்தத் தங்கம் தாலிக்காம்! கழுத்தில் கயிறு ஏறினால்தான் காசு. படிக்கவோ தொழில் தொடங்கவோ கேட்டால் இந்தத் திட்டத்தில் இடமில்லை. பெற்றவளே ஒரு தாசியிடம் விட்டுவிட, அங்கே வளர்ந்து அந்த முறையையே எதிர்த்து நின்றவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். அவர் பேரிலிருந்த திருமண உதவியை 2022இல் பெண்களின் மேற்படிப்புக்கு மாதம் 1,000 ரூபாயாக மாற்றினார்களே, அந்தப் புத்தி இதற்கு மட்டும் ஏன் வரவில்லை?

கலியாணத்துக்குப் பிறகுதான் அவள் பாடு. தலைப்பிரசவத்துக்கு எந்த வீட்டுக்குப் போவாள்? புருஷன் அடித்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எந்தப் படியேறுவாள்? அண்ணன் தம்பி வந்து கேட்பார்கள் என்ற பயமில்லாத வீட்டில் கைநீளம் அதிகம் என்பதை எந்தக் கிழவியும் சொல்லுவாள். 2005இன் குடும்ப வன்முறைச் சட்டம் புருஷன் வீட்டிலேயே குடியிருக்கும் உரிமையைத் தருகின்றது. அதை அவளுக்குச் சொல்லியனுப்ப ஆளில்லை. விடுதியை விட்டு வெளியேறுவோருக்கு 2022இன் மத்திய சர்க்கார் விதிகளில் மாதம் 4,000 ரூபாய் பின்பராமரிப்பு உண்டு. அதுவும் 21 வயது, மிஞ்சினால் 23 வயது வரைதான்.

ஆகவே நாம் கேட்பது: தாலி நிபந்தனையில்லாமல் அத்தொகை பெண்ணின் பேரிலேயே பாங்கியில் போடப்படட்டும். வளர்த்த விடுதி பிரசவத்துக்கும் ஆபத்துக்கும் அவளுக்குத் திறந்திருக்கட்டும். அடுத்த பங்குனியில் திருமழபாடிக்குச் சீர்வரிசை தூக்கும் ஏழூர்க்காரர்கள், ஊருக்கு ஒரு பெண்ணுக்காவது பிறந்த வீடாக இருக்க முன்வருவார்களா?