பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது

அனிமேஷன் மென்பொருள் கற்க வந்து முதல் மாதத்திலேயே ஓடிப்போகிறவர்களைப் பற்றி ஒரு கதை புழக்கத்தில் இருக்கிறது. அவர்களுக்குப் பொறுமை இல்லையாம். ரீல்ஸ் பார்த்துக் கெட்டுப்போன தலைமுறையாம். கலைன்னா சும்மாவா, பத்து வருஷம் உட்கார வேண்டாமா? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வார இறுதிகளில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அனிமேஷன் சொல்லிக்கொடுக்கிறவன் என்ற முறையில் எனக்கு இந்தக் கதை மேல் துளியும் நம்பிக்கை கிடையாது. ஓடிப்போனவர்களில் பலரை எனக்குத் தெரியும். ஒரு பூனை நடப்பதை நோட்டுப் புத்தக ஓரங்களில் நாற்பது தடவை வரைந்து பார்த்த பொறுமைசாலிகள் அவர்கள். அவர்களைத் தோற்கடித்தது கலை இல்லை. மென்பொருளோடு வருகிற கையேடு.

பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல் ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். அனிமேஷனில் எல்லோருக்கும் முதல் பயிற்சி துள்ளும் பந்து. காகிதத்தில் வரைகிறவருக்குச் சொல்லும் விதி எளிது. உச்சியில் பந்து தயங்கும், அங்கே படங்களை நெருக்கி வை. தரையை நெருங்கும்போது வேகமெடுக்கும், அங்கே இடைவெளி விடு. இதையே பிளெண்டரில் செய்து பாருங்கள். உச்சியில் ஒரு கீ, தரையில் ஒரு கீ, மறுபடி உச்சியில் ஒரு கீ. ஓடவிட்டால் பந்து தரைக்கு வரும்போது மெதுவாகி, பூ மாதிரி இறங்கி, பூ மாதிரி எழும். பந்து இல்லை அது, பலூன்!

காரணம் சின்னது. இரண்டு கீகளுக்கு நடுவே மென்பொருள் தானாகப் போட்டுக்கொள்வது பெசியர் வளைவு. மேடோ பள்ளமோ வருகிற இடத்தில் அந்த வளைவு தட்டையாகும். தட்டையானால் வேகம் குறையும். உச்சிக்கு அது சரி, தரைக்குத் தப்பு. கிராஃப் எடிட்டரைத் திறந்து, தரையில் இருக்கிற கீயின் இரண்டு கைப்பிடிகளையும் தனித்தனியாகப் பிரித்து, வளைவைக் கூர்முனையாக மடக்கிவிட்டால் பந்து பந்தாகிவிடும். தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் இரண்டு நிமிட வேலை. இல்லாவிட்டால் இரண்டு வாரம். சிலருக்கு அதுவே கடைசி வாரம்.

கையேட்டில் இதெல்லாம் இல்லையா என்றால், இருக்கிறது. பெசியர் இருக்கிறது. கைப்பிடி வகைகள் ஒவ்வொன்றாக இருக்கின்றன: ஃப்ரீ, அலைன்டு, வெக்டர், ஆட்டோமேட்டிக், ஆட்டோ கிளாம்ப்டு. ஆனால் 'என் பந்து ஏன் மிதக்குது?' என்று கேட்டு வருகிற பிள்ளைக்கு அந்தப் பக்கத்தின் வாசல் எந்தப் பக்கம்? 'இன்டர்போலேஷன்' என்ற சொல்லே அவளுக்குத் தெரியாது. தெரிந்தால்தானே தேட முடியும்? விடையின் பெயர் தெரிந்தவர்களுக்கு மட்டும் விடை கிடைக்கும் ஏற்பாட்டைக் கற்பித்தல் என்று எப்படிச் சொல்வது?

அடுத்து, எலும்பு கட்டிய ஒரு கையை அசைக்கப் போகிறாள். பிளெண்டரில் எலும்பின் சுழற்சி இயல்பாகவே குவாட்டெர்னியன் முறையில் இருக்கும். வளைவுகளைத் திறந்தால் டபிள்யூ, எக்ஸ், ஒய், இசட் என்று நாலு கோடு. பள்ளிக்கூடத்தில் மூன்று அச்சு படித்தவளுக்கு நாலாவது எங்கிருந்து வந்தது என்று புரியாது. ஆய்லர் முறையில் மூன்று அச்சும் தனித்தனியாகப் படிக்க எளிது, ஆனால் சில கோணங்களில் இரண்டு அச்சு ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கை கோணிக்கொள்ளும். குவாட்டெர்னியனில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் எண்ணைப் பார்த்துக் கையால் திருத்த முடியாது. இரண்டு வாக்கியம். அந்த இரண்டு வாக்கியத்தை, அவள் அந்த நாலு கோட்டைப் பார்த்து மிரள்கிற இடத்திலேயே சொல்ல ஆள் இல்லை.

ஆவணம் எழுதுவதைப் பற்றி டேனியலே ப்ரொசிடா ஒரு வகைப்பாடு செய்திருக்கிறார். 'டயாடாக்ஸிஸ்' என்று பெயர். கைபிடித்துக் கூட்டிப்போகும் பாடம், ஒரு குறிப்பிட்ட வேலையை முடிக்கும் வழி, பார்த்து எடுத்துக்கொள்ளும் தகவல், ஏன் இப்படி என்கிற விளக்கம். நாலும் நாலு வேலை. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தால் நடக்காது. அனிமேஷன் மென்பொருள்களில் பெரும்பாலும் மூன்றாவது மட்டும் மலைபோல் குவிந்திருக்கும். பொத்தானுக்கு ஒரு வரி, அடுத்த பொத்தானுக்கு ஒரு வரி. 'ஸ்ட்ரெந்த்: வலிமையை மாற்றும்' என்கிற ரகம். தெரிந்தவனுக்குத் தேவையில்லை, தெரியாதவனுக்குப் பயனில்லை.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதே அல்ல. நூற்பாவை மட்டும் கையில் கொடுத்து இலக்கணம் படி என்று நம் மரபு யாரையும் அனுப்பியதில்லை. காண்டிகையுரை, விருத்தியுரை என்று உரைக்கே வகை பிரித்து, எடுத்துக்காட்டு வேண்டும், வினா விடை வேண்டும் என்று வகுத்து வைத்திருக்கிறார்கள். நூலுக்கு வரும் குற்றங்களை நன்னூல் பட்டியலிடும்போது குன்றக்கூறலையும் மயங்கவைத்தலையும் சேர்த்தே சொல்கிறது. மாணவனின் பொறுமையின்மை அந்தப் பட்டியலில் இல்லை.

ஏன் இப்படி ஆயிற்று? இந்த மென்பொருள்கள் பிறந்த இடத்தைப் பாருங்கள். பிளெண்டர் 90களில் நியோஜியோ என்ற டச்சு அனிமேஷன் நிறுவனத்தின் உள்வேலைக் கருவியாக டான் ரோசன்டால் கையில் உருவானது. டூன்ஸ் இத்தாலியில் பிறந்து ஜப்பானின் ஸ்டுடியோ கிப்லிக்குப் போய், அங்கே அவர்கள் தேவைக்கேற்ப வளர்ந்து, 2016இல் ஓப்பன்டூன்ஸ் என்று கட்டற்ற மென்பொருளாக வெளியே வந்தது. ஸ்டுடியோவில் கையேடு எதற்கு? சந்தேகம் வந்தால் பக்கத்து நாற்காலியில் இருப்பவரைக் கேட்கலாம். ஓப்பன்டூன்ஸில் 'எக்ஸ்ஷீட்' என்று ஒரு பட்டியல் இருக்கும். காகித அனிமேஷனில் எந்தச் சட்டகத்தில் எந்தப் படம் என்று குறித்துவைக்கும் எக்ஸ்போஷர் ஷீட்டின் கணினி வடிவம் அது. அந்தத் தாளைப் பிடித்து வேலைபார்த்தவருக்கு அது சொந்த வீடு. பார்க்காதவருக்கு வெறும் கட்டம். மூலநிரலைத் திறந்துவிட்டார்கள், வணக்கம். பக்கத்து நாற்காலியில் இருந்தவர் மட்டும் கூட வரவில்லை.

இதைச் சொன்னால் உடனே மூன்று பதில் வரும்.

முதல் பதில்: 'இலவசமாத்தானே கொடுக்கிறாங்க, தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?' பார்க்கலாம். 2002இல் பிளெண்டரின் மூலநிரலை முதலீட்டாளர்களிடமிருந்து மீட்க ஒரு லட்சம் யூரோ தேவைப்பட்டபோது, ஏழே வாரத்தில் அதைத் திரட்டிக் கொடுத்தது பொதுமக்கள். பொதுப்பணத்தில் மீண்ட பொதுச்சொத்து அது. தானம் என்ற பேச்சே பொருந்தாது. கட்டற்ற மென்பொருளுக்குக் கட்டற்ற ஆவணமும் வேண்டும் என்று ரிச்சர்ட் ஸ்டால்மனே எழுதியிருக்கிறார். உரிமம் ஒருவருக்குச் சுதந்திரம் கொடுக்கிறது, சரி. பயன்படுத்தத் தெரியாத கருவியின் சுதந்திரத்தை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார், ஊறுகாயா போடுவார்? தன்னார்வலர்கள் இரவு கண்விழித்துக் கையேடு எழுதுவதை நான் குறை சொல்லவில்லை. புதிய வசதிக்கு மாதக்கணக்கில் நேரமும், அதை விளக்க மிஞ்சிய நேரமும் ஒதுக்குகிற மனப்பான்மையைத்தான் குறை சொல்கிறேன்.

இரண்டாவது பதில்: 'அதான் யூட்யூபில் ஆயிரம் வீடியோ இருக்கே.' இருக்கிறது. ஆண்ட்ரூ பிரைஸின் டோனட் பாடம் உலகப் புகழ்பெற்றது, எத்தனையோ பேருக்கு அதுதான் வாசல். அவருக்கு நன்றி. ஆனால் வீடியோ பதிவான நாளோடு நின்றுவிடும், மென்பொருள் நிற்காது. 2019 ஜூலையில் பிளெண்டர் 2.80 வந்தபோது தேர்வுசெய்யும் இயல்பான சுட்டிப் பொத்தான் வலமிருந்து இடத்துக்கு மாறியது. பழைய லேயர்கள் போய் கலெக்‌ஷன்கள் வந்தன. பழைய இன்டர்னல் ரெண்டரர் நீக்கப்பட்டது. முந்தைய பாடங்கள் ஒரே நாளில் பழைய ஊர் வரைபடமாகிவிட்டன. அவற்றை அழிக்கவும் ஆளில்லை. தேடினால் இன்றும் வந்து நிற்கும். அதோடு, சொன்னதைச் சொன்னபடி செய்தால் சொன்னது மட்டும்தான் வரும். டோனட்டும் மெதுவடையும் ஒரே உருவம்தான். ஆனால் டோனட் செய்து முடித்த என் மாணவர்களிடம் ஒரு மெதுவடை செய்யச் சொன்னால், வடைக்கு வீடியோ இருக்கா சார் என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு அடியும் ஏன் என்று தெரியாமல் ஏறிய மாடி அது.

மூன்றாவது பதில்தான் எனக்கு எரிச்சல்: 'நாங்களும் இப்படித்தான் கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டோம்.' மாமியார் வாதம். தான் பட்டதை மருமகளும் பட்டால்தான் குடும்பம் என்கிற வாதம். கலையில் வரும் கஷ்டம் வேறு, கருவியில் வரும் கஷ்டம் வேறு. ஒரு கிழவர் படியேறும்போது எடை எந்தக் காலுக்கு எப்போது மாறுகிறது என்று யோசித்துத் தவிப்பது கலையின் கஷ்டம். அதில் நூறு நாள் போனாலும் வரவுதான். காப்பாற்றிய கோப்பைத் திறந்தால், எந்தப் பொருளோடும் இணைக்காமல் வைத்திருந்த மெட்டீரியல் காணாமல்போயிருப்பது, அதைத் தடுக்கிற பொத்தானுக்கு 'ஃபேக் யூசர்' என்று பெயர் இருப்பது, இதிலெல்லாம் யாருக்கும் ஞானம் பிறக்காது. தூக்கம்தான் போகும்.

இதில் உண்மையில் இழப்பது யார்? பணம் இருப்பவர் பக்கத்து நாற்காலியை விலைக்கு வாங்கிக்கொள்கிறார். அதற்குத்தான் கோர்ஸ் என்று பெயர். கையேடு எவ்வளவு இருட்டாக இருக்கிறதோ அவ்வளவு அந்த வியாபாரத்துக்கு வெளிச்சம். என் வகுப்புக்கு வந்த ஒரு பெண், வீட்டில் கடன் வாங்கி ஒரு பயிற்சி நிறுவனத்தில் சேர்ந்திருந்தாள். அங்கே ஆறு மாதத்தில் சொல்லிக்கொடுத்ததை எழுதிக் காட்டினாள். அறுபது பக்க நோட்டு. பெரும்பாலும் இந்தப் பொத்தானை அமுக்கினால் இது வரும் என்கிற வரிகள்தான். நல்ல கையேடாக இலவசமாகக் கிடைத்திருக்க வேண்டிய அறுபது பக்கத்துக்கு ஒரு குடும்பம் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறது.

2025இல் 'ஃப்ளோ' ஆஸ்கர் வாங்கியது. லாட்வியாவின் கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் பிளெண்டரில் எடுத்த படம். விலையில்லாத மென்பொருளில், ஹாலிவுட்டுக்கு வெளியே இருந்து, ஒரு பூனையை வைத்துக்கொண்டு அங்கே போய்ச்சேர முடியும் என்று அது காட்டியது. எல்லோரும் கைதட்டினோம். கதவு திறந்திருக்கிறது என்று சொல்லிப் பிள்ளைகளை அழைக்கிறோம் என்றால், வாசற்படியில் ஒரு விளக்கு வைப்பதும் நம் கடமைதான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வசதிக்கும் இது என்ன என்பதோடு, எப்போது தேவைப்படும், எங்கே சொதப்பும் என்று இரண்டு பத்தி. 'பந்து மிதக்கிறது', 'கை கோணிக்கொள்கிறது' என்று தவறுகளின் பெயரால் தேடக்கூடிய ஓர் அகரவரிசை. திறந்து நோண்டிப் பார்க்க ஒரு சின்ன மாதிரிக் கோப்பு. எந்தப் பதிப்புக்கு எழுதியது என்று பக்கத்தின் தலையில் ஒரு வரி. விளக்கம் எழுதாத வசதி இன்னும் முடியாத வசதி என்கிற கணக்கு. எழுதுகிறவருக்கு, நிரல் எழுதுகிறவருக்குத் தருவதுபோல் சம்பளமும் பெயரும்.

இன்னொன்று, இப்போது கற்றுக்கொண்டிருக்கிற உங்களுக்கு. உங்களிடம் நிபுணர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: எது புரியவில்லை என்பது இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆறு மாதத்தில் அது மறந்துபோகும்; அப்புறம் நீங்களும் 'இது ஈஸிதானே' என்று சொல்ல ஆரம்பிப்பீர்கள். அதற்கு முன்னால் எழுதிவிடுங்கள். பந்து ஏன் மிதந்தது, எப்படித் தரைக்கு வந்தது, எந்தப் பதிப்பு. தமிழில், உங்கள் பேச்சில், ஒரு பக்கம் போதும்.