கூரைக்கு மானியம் ரெடி! தறிக்காரருக்கு லாபம் உண்டா?

காஞ்சீபுரத்தில் இடிக்கும் சோலார் கணக்கு

காஞ்சீபுரம்,

வீட்டு மாடியில் சோலார் தகடு போட்டால் மத்திய அரசு பணம் தருகிறது. ஒரு கிலோவாட்டுக்கு ரூ.30 ஆயிரம். இரண்டுக்கு ரூ.60 ஆயிரம். மூன்றுக்கு ரூ.78 ஆயிரம். அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் அவ்வளவுதான்.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதம மந்திரி சூரிய வீடு திட்டம் இது. ஒரு கோடி வீடுகளுக்கு ரூ.75 ஆயிரத்து 21 கோடி ஒதுக்கினார்கள். 2026-27 நிதியாண்டு வரை என்பது அறிவிப்பு.

பணம் பெரிசுதான். ஆனால் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறவர் வீட்டுக்கு அது வந்து சேருமா?

ஓசி கரண்டுக்குக் கைக்காசா?

கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் இலவசமாகக் கொடுத்து வந்தது தமிழக அரசு. 2023 மார்ச்சில் அது 300 ஆனது. தறியை ஓட்டுவது கையும் காலும். கரண்ட் எரிவது விளக்குக்கும் பேனுக்கும்தான். 300-க்குள் அடக்கிக்கொள்கிற வீட்டில் பில்லே இல்லை.

ஒரு கிலோவாட் தகடு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். இரண்டு மாதத்தில் 240. மத்திய அரசு போட்ட விலைக் கணக்கு ரூ.50 ஆயிரம். மானியம் போகக் கைக்காசு ரூ.20 ஆயிரம். அந்த மானியமும் வேலை முடிந்த பிறகே பாங்க் கணக்குக்கு வரும். கடன் உண்டு, வட்டியும் உண்டு.

600 யூனிட் எரிக்கிற மாடி வீட்டுக்காரருக்கு இதில் பளிச்சென்று லாபம். நெசவாளிக்கோ சும்மா வருகிற கரண்டைக் காசு போட்டுத் தயாரிக்கிற கதை!

வாடகை வீட்டில் நெய்கிறவருக்குக் கூரையே சொந்தமில்லை. பாட்டரி இல்லாத இணைப்பில், தெருவில் கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும். தறிக்குழியில் இருட்டு இருட்டுதான்.

பொதுப் பணமும் எட்டவில்லை

மாவட்டத்துக்கு ஒரு மாதிரி சோலார் கிராமம், பரிசு ரூ.1 கோடி என்றார்கள். காஞ்சீபுரமோ 2021-லேயே மாநகராட்சி ஆகிவிட்டது. குடியிருப்போர் சங்கங்களின் பொது விளக்கு, மோட்டாருக்குக் கிலோவாட்டுக்கு ரூ.18 ஆயிரம் உண்டு. பட்டுக் கூட்டுறவு சங்கக் கட்டடம் அந்தக் கணக்கில் வராது.

மிச்சம் யாருக்கு?

நெசவாளருக்குக் கொடுக்கும் இலவச கரண்டுக்காக மின் வாரியத்துக்குப் பணம் கட்டுவது தமிழக அரசு. நெசவாளி கூரையில் 240 யூனிட் விளைந்தால் குறைவது அந்தச் சுமைதான். லாபம் கோட்டைக்கு, முதல் மட்டும் தறிக்காரருடையதா?

உத்தரப் பிரதேச அரசு கிலோவாட்டுக்கு ரூ.15 ஆயிரம் வீதம், ரூ.30 ஆயிரம் வரை தன் பங்கையும் சேர்த்துத் தர முன்வந்தது. தமிழகத்துக்கும் இது புதிசு இல்லை. 2011-ல் வந்த பசுமை வீடு திட்டத்தில், 300 சதுர அடி வீட்டோடு சோலார் விளக்கையும் அரசு செலவிலேயே போட்டுக் கொடுத்தார்கள்.

அந்த ரூ.20 ஆயிரத்தைக் கோட்டை போடட்டும். சோலார் வந்தாலும் இலவச 300 யூனிட்டில் கை வைக்க மாட்டோம் என்று எழுத்தில் கொடுக்கட்டும். அப்புறம் தகடு தானாகவே கூரை ஏறும்!