ரத்தம் உறையாம இருக்க ஊசி... பிளேட்லெட் ஏன் குறையுது?

பிளேட்லெட் குறைஞ்சாலே டெங்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியும் மிகச் சிலருக்கு 5 முதல் 10 நாள்களில் பிளேட்லெட்டைப் பாதியாகக் குறைத்துவிடும். விநோதம் என்னன்னா, அப்போது ரத்தக்கசிவைவிட ரத்தம் உறையும் ஆபத்துதான் அதிகம். கால் வீங்கலாம், மூச்சுத் திணறலாம். உடனே ஹெப்பாரினை நிறுத்தி மாற்று மருந்து தர வேண்டும்.

அதற்குள் டிஸ்சார்ஜ் ஆகி, கொல்லிமலை குண்டனி நாட்டுக்குத் திரும்பியிருந்தால்? மறுபடி காரவள்ளிக்கு இறங்க 70 கொண்டை ஊசி வளைவுகள்!

ஆகவே ஹெப்பாரின் போட்ட தேதிகள், கடைசி பிளேட்லெட் எண்ணிக்கை, அடுத்த டெஸ்ட் தேதி மூன்றையும் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதித் தருவதைக் கட்டாயமாக்க வேண்டும். இது டெங்குதானா என மலையிலுள்ள டாக்டர் சந்தேகிக்க, அந்த ஒரு வரி போதும்.