கண்ணில் படாத டாக்டர்

தோட்டத்துப் பெற்றோர்களே,

“பையனை டாக்டருக்குப் படிக்க வச்சோம். அவன் என்னடான்னா நோயாளியைப் பார்க்காம, இரத்தக் குப்பியோட உட்கார்ந்திருக்கப் போறேங்கிறான்!” என்று நம்மவர் சிலர் அங்கலாய்க்கிறார்கள். இது தவறான எண்ணம்.

இரத்தம், சளி, அறுத்தெடுத்த சதைத்துண்டு ஆகியவற்றைச் சோதித்து நோய் இன்னதென்று சொல்லும் துறைக்கு நோயியல் என்று பெயர். ஆஸ்பத்திரியில் ‘பெத்தாலஜி’ என்பார்கள். இதன் அருமை தோட்டத்தானுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும்.

ஏன்? 1920-களில் இந்நாட்டுத் தோட்டங்களில் ஒரு கொடிய காய்ச்சல் ஆளை வீழ்த்தியது. கோலாலம்பூரில் 1900-இல் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் ஃபிளெட்சர், லெஸ்லார் என்ற இரு டாக்டர்கள் இரத்தத்தைச் சோதித்தார்கள். ஒன்றுபோல் தெரிந்த காய்ச்சல் இரண்டு வகை என்று கண்டார்கள். ஒன்று பட்டணத்துக் கடைகளில் வருவது. மற்றொன்று செம்பனைத் தோட்டத்திலும் புல்காட்டிலும் வேலை செய்பவருக்கு வருவது. இந்த இரண்டாவது, எலிமேல் வாழும் சின்னஞ்சிறு உண்ணியின் குஞ்சு கடித்து வருவது என்பது பின்னர் தெளிவாயிற்று. 1948-இல் அமெரிக்க டாக்டர் ஸ்மேடல் குழுவினர் கோலாலம்பூரிலேயே குளோரம்ஃபெனிக்கால் மருந்தைக் கொடுத்து, இந்தக் காய்ச்சலைக் குணப்படுத்திக் காட்டினார்கள். நோய் இன்னதென்று பிரித்தறியாமல் மருந்தை யாருக்கென்று கொடுப்பது?

அந்தக் காய்ச்சல் இன்னும் போய்விடவில்லை. எலிச் சிறுநீர்க் காய்ச்சலும் இருக்கிறது. இரண்டுக்கும் நல்ல மருந்து உண்டு. ஆனால் காலம் தாழ்த்தினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே, “காய்ச்சல்தானே, ரெண்டு மாத்திரை போட்டா போயிடும்” என்று இருந்துவிடாதீர்கள். கிளினிக்கில் ஊசி மட்டும் கேட்காதீர்கள். “நான் செம்பனைக் காட்டுல வேலை செய்யறேன், எலி நடமாட்டம் உண்டு” என்று சொல்லுங்கள். அக்குளிலோ இடுப்பிலோ கருகிய புண் இருந்தால் காட்டுங்கள். “இரத்தம் சோதிக்க வேணுமா டாக்டர்?” என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

இனி பிள்ளைகளுக்கு வருவோம். ஒருகாலத்தில் பால்மரமாய் நின்ற செமினி வட்டாரத்தில் 2005 முதல் நாட்டிங்காம் பல்கலைக்கழக வளாகம் நிற்கிறது. படிப்பு நம் வாசலுக்கே வந்துவிட்டது. நோயியல் பயிற்சிக்கும் வெகுதூரம் போக வேண்டாம். காஜாங்கைத் தாண்டினால் செராஸில் மலேசிய தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை; அதற்கு அப்பால் மலாயாப் பல்கலைக்கழகம். டாக்டர் படிப்பு 5 ஆண்டு, பயிற்சி டாக்டராக 2 ஆண்டு, சில காலம் பணி, பிறகு நோயியலில் முதுநிலைப் பயிற்சி 4 ஆண்டு. தொடக்கத்தில் இரத்தம், கிருமி, திசு, இரசாயனம் என்று எல்லாப் பிரிவுகளையும் கற்று, பிறகு ஒன்றில் தேர்ச்சி பெறுவார்கள். நீண்ட வழிதான். மருத்துவம் எட்டாத பிள்ளைக்கும் வழி உண்டு: எஸ்.பி.எம். தேர்வில் அறிவியல் பாடங்களில் நன்றாகச் செய்தால், ஆய்வுக்கூடத் தொழில்நுட்பத்தில் 3 ஆண்டு டிப்ளோமா படிக்கலாம்.

புல்காட்டில் உழைத்தவன் காய்ச்சல் எப்படிப்பட்டது என்று அவன் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். அந்தப் பிள்ளை நுண்ணோக்கியின் முன் அமர்ந்தால், குப்பிக்குப் பின்னால் ஒரு மனிதன் இருப்பதை மறக்காது. “போயும் போயும் குப்பி கழுவவா?” என்று தடுக்காதீர்கள். போகட்டும், படிக்கட்டும்!