ஒலிக்கும் உண்டு பாடபேதம்

இசைத்தட்டை ஒலிநாடா வென்றது. ஒலிநாடாவைக் குறுந்தட்டு வென்றது. திரைப்படத்தை வீட்டிற்குக் கொணர்ந்த ஒளிநாடாவை டிவிடி வென்றது. பின்னர் வந்தது முன்னதைவிடத் தெளிவாகவே ஒலிக்கும் என்பர் பலர். திரைப்பட ஒலியைப் பொறுத்தவரை இக்கூற்று ஏற்கத்தக்கதன்று.

1963இல் வெளிவந்த ஒலிநாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடியது. 1976இல் ஜப்பானில் தோன்றிய வி.எச்.எஸ். ஒளிநாடா, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வழங்கிய பால் முறையில், 2.34 சென்டிமீட்டரே ஓடியது. அதன் ஓரத்து ஒடுங்கிய தடத்திலேதான் ஒலி பதிவாயிற்று. நாடா மெல்ல ஓடினால் உச்ச அதிர்வுகள் அதில் தங்கா. மெய்யொலிகளின் கூர்மை மழுங்கும். சிங்கப்பூரில் படமாக்கப்பட்ட காட்சிகளைக் கொண்ட 'ப்ரியா' (1978) படத்தின் பாடல்கள் இருதட ஒலியில் பதிவானவை. இசைத்தட்டில் இடமும் வலமும் பிரிந்து நின்ற ஒலிகள், ஒற்றைத்தட ஒளிநாடாவில் ஒன்றாய்க் குழைந்தன. பின்வந்த கருவி தோற்றதற்கு இஃதொன்றே போதும்.

இதனினும் பெரிது வேகக் குற்றம். திரைப்படச் சுருள் நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும். பால் முறைக்கோ 25 வேண்டும். மாற்றியோர் பெரும்பாலும் எளிய வழியை நாடிப் படத்தையே விரைந்து ஓடவிட்டனர். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்தது! ஒரு காட்சியும் வெட்டப்படவில்லை. சுருதி மட்டும் அரைச்சுர இடைவெளியில் பத்தில் ஏழு பங்கு ஏறிற்று. கனத்த குரல் மெலிந்தது. பால் முறை டிவிடியும் இக்குறையை அப்படியே ஏந்தி வந்தது. 2006இல் வந்த புளூரே தட்டு 24 சட்டங்களையும் அவ்வண்ணமே தாங்க வல்லது என்பதை ஒப்புகிறேன். ஆயினும், ஒற்றைத்தடத்தில் பதிவான பழம்படத்தின் அட்டையில் 'ஆறு தட ஒலி' என்று அச்சிடுகிறார்களே, எஞ்சிய ஐந்து தடங்கள் எங்கிருந்து வந்தன?

வணிகரை நோவதற்கன்று இவ்வளவும் சொன்னது. என் வழக்கு தமிழாசிரியர்களோடுதான். உ.வே.சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்புநோக்கிச் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்ததை வகுப்பறையில் நெகிழ்ந்து போற்றுகிறோம். ஓரெழுத்து மாறினாலும் பாடபேதம் என்று வாதிடுகிறோம். அதே வகுப்பறையில், பேச்சுப் பயிற்சிக்கென்று 'பராசக்தி' (1952) வழக்குமன்றக் காட்சியைப் போட்டுக் காட்டும்போது, அஃது எந்தப் படியிலிருந்து எடுத்த படி, எந்த வேகத்தில் ஓடுகிறது என்று கேட்டவர் யார்? மூச்சு விடும் இடமும் சொல்லை நிறுத்தும் அளவும் கற்பிக்க வந்த நாமே, நடிகர் பேசாத வேகத்தை மாணவர்க்குப் பாடமாக்குகிறோம். "படம் தெரிகிறதே, போதாதா?" என்பது மறுமொழியாகாது, பிழை மலிந்த நூலிலும் எழுத்துகள் தெரியத்தான் செய்கின்றன.

சோதிப்பது அரிதன்று. பழைய படங்களின் தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழில் சுருளின் நீளம் குறிக்கப்பட்டிருக்கும். 90 அடிக்கு, அதாவது ஏறத்தாழ 27.4 மீட்டருக்கு, ஒரு நிமிடம் என்று வகுத்துப் பாருங்கள். காட்சி எதுவும் குறையாமலே நூற்றுக்கு நான்கு பங்கு நேரம் குறைந்திருந்தால், அந்தப் படியை வகுப்பிற்கு எடுத்துச் செல்லாதீர்கள்.