அசிட்டோனில் துடைத்தால் ஆக்சைடு போகாது

அலுமினியப் பற்றவைப்பைப் பற்றிய ஆய்வேடுகளின் செய்முறை இயலில், தகடுகள் அசிட்டோன் கொண்டு தூய்மை செய்யப்பட்டன என்ற ஒரு வரி தவறாமல் இருக்கும். மைசூரில் நான் வாசித்தவையும் இதற்கு விலக்கல்ல. அந்த ஒரு வரி போதாது என்பதே என் வாதம்.

அசிட்டோன் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும். ஆக்சைடு படலத்தைத் தொடாது. படலத்தின் தடிமன் சில நானோமீட்டரே. ஆயினும் அலுமினியம் 660 டிகிரி செல்சியசில் உருக, அதன் ஆக்சைடு 2050 டிகிரியைத் தாண்டியே உருகும். உலோகம் குளமான பின்னும் மேல்தோல் நிற்கும். கிழிந்தால் துண்டுகள் இணைப்புக்குள் புதையும்.

5083 கலவையில் 4 முதல் 4.9 விழுக்காடு மக்னீசியம் உண்டு. சூடேறும்போது அது மேற்பரப்புக்கு நகர்ந்து ஆக்சைடாகிறது. இந்த ஆக்சைடின் கனஅளவு, அதற்குச் செலவான உலோகத்தின் கனஅளவைவிடக் குறைவு. எனவே பரப்பை முழுதும் போர்த்த இயலாமல் வெடிக்கிறது. வெடிப்பின் வழியே ஆக்சிஜன் நுழையப் படலம் தடிக்கிறது, ஈரத்தையும் ஈர்க்கிறது. ஈரம் மின்வில்லில் ஹைட்ரஜனைத் தரும். உருகிய அலுமினியத்தில் கரையும் ஹைட்ரஜனில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கே திண்மத்தில் தங்கும். எஞ்சியது வெளியேற வழியின்றி நுண்துளையாகும். அப்படியானால், ஆடி மாத ஈரக்காற்றில் பற்றவைத்த தகட்டையும் மாசி மாதத்தில் பற்றவைத்ததையும் ஒரே அட்டவணையில் வைத்து, வேறுபாடு முழுவதும் மின்னோட்டத்தின் விளைவே என்று முடிவுகட்டுவது தகுமா?

டிக் முறையில் மாறுமின்னோட்டமே படலத்தைச் சிதறடித்துவிடும் என்பர். உண்மைதான், ஆனால் வில் படும் மேற்பரப்பில் மட்டும். இரு தகடுகள் முட்டிநிற்கும் விளிம்பு முகங்களை அது எட்டாது.

உருக்காமலே இணைப்பது உராய்வுக் கிளறல் பற்றவைப்பு. 1991இல் இங்கிலாந்தில் பிறந்த அம்முறையை நம் கல்லூரிகள் பலவற்றில் மில்லிங் இயந்திரத்தை மாற்றியமைத்துச் செய்கிறோம். அங்கே நுண்துளைத் தொல்லை குறைவு. ஆனால் விளிம்பு முகங்களின் ஆக்சைடு நொறுங்கி, இணைப்பினுள் நெளிகோடாகத் தங்குகிறது. கிளறல் போதாத வேர்ப்பகுதியில் முகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும், பிணைந்திரா. எக்ஸ்ரே படத்தில் பெரும்பாலும் இது அகப்படாது. வளைவுச் சோதனையில் பிளந்தபின்பே தெரியவரும்.

கொச்சியில் 2023 ஏப்ரல் முதல் ஓடும் நீர் மெட்ரோ படகுகளின் உடல் அலுமினியத்தாலானது. அத்தகைய கலங்களைக் கட்டுவோர் நம் அட்டவணைகளை நம்பலாமா என்பதே கேள்வி.

வாய்மொழித் தேர்வில் தேர்வாளர்கள் மூன்றைக் கேட்கட்டும்: விளிம்பு முகங்களை எதனால் தேய்த்தீர்கள், தேய்த்து எத்தனை மணி நேரம் கழித்துப் பற்றவைத்தீர்கள், அன்று காற்றின் ஈரப்பதம் என்ன? ஈரப்பதமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.