டாக்டர் சுடப்பட்டார், ஏழு நாள் தவித்தது இங்கிலாந்து! ரசிகர்கள் பதறியது யாருக்காக, அழுதது யாருக்காக?

ராத்திரி நேரம். ஆள் நடமாட்டம் இல்லாத தெரு. ஒரு முனையில் டாக்டர். மறுமுனையில், பிரிந்துபோன பெண் ரோஸ். ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு ஓடி வருகிறார்கள். இன்னும் பத்தடிதான் பாக்கி.

பக்கவாட்டில் இருந்து ஒரு இரும்பு எந்திரம் உருண்டு வந்தது. "டுமீல்!" டாக்டர் சுருண்டு விழுந்தார்.

பயப்பட வேண்டாம். இது நிஜக் கொலை வழக்கு அல்ல, டி.வி. நாடகம்தான். இங்கிலாந்தில் பி.பி.சி. காட்டும் "டாக்டர் ஹூ" என்ற விஞ்ஞானக் கற்பனைத் தொடர். 28-6-2008 சனிக்கிழமை சாயங்காலம் வந்த பகுதி. பெயர் "திருடப்பட்ட பூமி". அந்த வருஷத்து வரிசையில் மொத்தம் 13 பகுதி. இது 12-வது. அதாவது, முடிவுக்கு முந்தின பகுதி.

சுடப்பட்டவரை நண்பர்கள் தூக்கிக்கொண்டு போய் அவருடைய வாகனத்துக்குள் போட்டார்கள். உடம்பில் இருந்து தங்க நிறத்தில் வெளிச்சம் கிளம்பியது. முகம் மறைந்தது. "தொடரும்" என்று போட்டுவிட்டார்கள்!

அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று துண்டுக் காட்சி போடுவது வழக்கம். அன்று அதையும் போடவில்லை. வீட்டில் குழந்தை குட்டிகளோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திகைத்துப் போனார்கள்.

வெளிச்சம் வந்தால் என்ன?

வெளிச்சம் வந்தால் ஆள் மாறிவிடுவார் என்று அர்த்தம். அதுதான் இந்தத் தொடரின் அச்சாணி.

தொடர் ஆரம்பித்தது 23-11-1963-ல். முதலில் டாக்டராக நடித்தவர் வில்லியம் ஹார்ட்னல். மூன்று வருஷத்தில் அவருக்கு உடம்பு முடியாமல் போனது. தொடரை நிறுத்த மனசில்லை. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். டாக்டர் வேற்றுக் கிரகத்துக்காரர். சாகிற நிலைமை வந்தால் உடம்பு மாறி வேறு ஆளாக எழுந்து நிற்பார் என்று கதை கட்டினார்கள். 1966 அக்டோபரில் ஹார்ட்னல் விழுந்தார். பேட்ரிக் ட்ரவுட்டன் எழுந்தார்.

நம்ம ஊர்க் கதையில் கூடு விட்டுக் கூடு பாய்வார்கள். இவர் கூட்டையே மாற்றிக்கொள்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

2008-ல் டாக்டராக இருந்தவர் டேவிட் டெனன்ட். பத்தாவது ஆள். ஜனங்களுக்கு ரொம்பப் பிடித்துப் போனவர். ஆகவே கேள்வி இதுதான்: டெனன்ட் போகிறாரா, இருக்கிறாரா?

முந்தின தடவை நடந்தது வேறு. 2005 மார்ச் 26-ந் தேதி புதிய வரிசை தொடங்கியது. டாக்டராக நடித்த கிறிஸ்டபர் எக்கிள்ஸ்டன் விலகப் போகிறார் என்ற செய்தி ஒரு வாரத்துக்குள் வெளியே வந்துவிட்டது. ஜூன் மாதம் அவர் ஆள் மாறியபோது யாருக்கும் அதிர்ச்சி இல்லை. கொலைகாரன் யார் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்ட துப்பறியும் நாவல் மாதிரி ஆகிவிட்டது.

அந்தச் சூடு பட்டதாலோ என்னவோ, 2008-ல் பி.பி.சி. வாயையே திறக்கவில்லை. கடைசிப் பகுதியின் பெயரைக்கூட, முந்தின பகுதி ஒளிபரப்பாகிற வரைக்கும் மூடி வைத்தார்கள். பத்திரிகைக்காரர்களுக்கு முன்கூட்டிப் போட்டுக் காட்டவும் இல்லை.

இரண்டு கட்சி

சமாச்சாரம் கிடைக்காவிட்டால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? ஆபீசிலும் பள்ளிக்கூடத்திலும் இதே பேச்சு. பத்திரிகைகளிலும் இதே சந்தேகம். ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள். கோர்ட்டில் சாட்சி வைப்பது போல ஆதாரம் வைத்து வாதாடினார்கள் என்பதுதான் வேடிக்கை.

"போறார்" கட்சியின் ஆதாரங்கள் லேசானவை அல்ல. 2009-ம் வருஷம் முழு வரிசை கிடையாது, சில சிறப்புப் பகுதிகள் மட்டுமே என்று முன்பே அறிவித்திருந்தார்கள். டெனன்ட் 2008 கோடையில் ஸ்ட்ராட்போர்டில் ஷேக்ஸ்பியரின் "ஹாம்லெட்" நாடகத்தில் நடிக்க ஒப்புக்கொண்டிருந்தார். தலைமைக் கதாசிரியர் ரசல் டி. டேவிசும் பொறுப்பை ஸ்டீவன் மொஃபாட்டிடம் ஒப்படைக்கப் போகிறார் என்று மே மாதமே செய்தி. எல்லாரும் மூட்டை கட்டுகிறபோது கதாநாயகன் மட்டும் எதற்கு இருக்கணும்?

"போகல" கட்சி ஒரே ஒரு ஆதாரத்தை நீட்டியது. கிறிஸ்துமஸ் சிறப்புப் பகுதியின் படப்பிடிப்பு 2008 ஏப்ரலில் க்ளாஸ்டர் நகரத்தில் பட்டப்பகலில் நடந்தது. டெனன்ட் நடித்ததை ஊரே பார்த்தது, போட்டோவும் வந்தது. ஜூன் மாதம் செத்தவர் டிசம்பரில் எப்படி வருவார்?

பலமான சாட்சிதான். ஆனால் அதே போட்டோக்களில் டேவிட் மாரிசி என்ற இன்னொரு நடிகரும் பழைய காலத்து உடுப்பில் நின்றார். "ஆஹா, இவர்தானப்பா புது டாக்டர்!" என்று எதிர்க்கட்சி அதையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

இந்தத் தகராறில் ஒரு நியாயம் இருக்கிறது. அங்கே டி.வி. ஒளிபரப்பைப் பார்க்க லைசென்ஸ் கட்டணம் கட்டியாகணும். 2008-ல் கலர் டி.வி.க்கு வருஷத்துக்கு 139 பவுன் 50 பென்ஸ். பி.பி.சி. நடப்பது பெரும்பாலும் அந்தப் பணத்தில்தான். "நம்ம காசில் நடக்கிற கடை" என்ற உரிமை ஒவ்வொரு நேயருக்கும் உண்டு.

மறுநாள் வியன்னாவில் ஐரோப்பியக் கால்பந்து இறுதி ஆட்டம். இங்கிலாந்து அந்தப் போட்டிக்குத் தகுதியே பெறவில்லை. கவலைப்பட வேறு கதாநாயகன் வேண்டியிருந்ததோ என்னவோ!

ஜாடியில் ஒரு கை

5-7-2008 சனிக்கிழமை வந்தது. கடைசிப் பகுதி 65 நிமிஷம். தேசமே பெட்டி முன் உட்கார்ந்தது. ஒரு கோடியே 5 லட்சம் பேருக்கு மேல் பார்த்ததாகக் கணக்கு. முந்தின வாரம் இது சுமார் 88 லட்சம். அந்த வாரம் இங்கிலாந்து டி.வி. நிகழ்ச்சிகளிலேயே முதலிடம். 1963-ல் இருந்து தொடருக்கு அந்த இடம் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

சரி, டாக்டர் என்ன ஆனார்?

ஒன்றும் ஆகவில்லை!

2005 கிறிஸ்துமஸ் பகுதியில் ஒரு வாள் சண்டையில் டாக்டரின் கை வெட்டுப்பட்டது. அவருக்கு வேறு கை முளைத்துவிட்டது. வெட்டுப்பட்ட கை ஒரு ஜாடியில் மிதந்துகொண்டு அவர் வாகனத்திலேயே இருந்தது. குண்டடி பட்டவர், காயம் ஆறுகிற அளவுக்கு மட்டும் சக்தியை வைத்துக்கொண்டு மீதியை அந்தக் கைக்குள் திருப்பிவிட்டார். அதே முகம், அதே டெனன்ட். ஏழு நாள் தவிப்பு ஆரம்பக் காட்சியிலேயே புஸ்ஸென்று போய்விட்டது.

"இது ஏமாத்து வேலை" என்று ரசிகர்களில் ஒரு பகுதி கொதித்தது. "நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்தோம். ஜாடியைக் காட்டி அனுப்புறாங்களே!" என்ற ஆத்திரம்.

ஏமாற்று என்று சொல்வது சரியா? வழக்கைப் பிரித்துப் பார்த்தால் கதாசிரியர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கை புதிதாக முளைத்த சாட்சி அல்ல. இரண்டரை வருஷமாகக் கண் முன்னால் இருந்தது. 2008 மே மாதப் பகுதி ஒன்றிலும் ஜாடி கொப்பளித்ததைக் காட்டினார்கள். பார்த்தவர்கள்தான் மறந்தார்கள். போதாக்குறைக்கு, அந்தக் கையில் இருந்து இன்னொரு டாக்டர் முளைத்தார். கதையின் முடிவே அவரால்தான் நடந்தது. ஆக, தப்பிப்பதற்காக மட்டும் கொண்டுவந்த ஜாடி அல்ல.

ஆனாலும் அவசரமாக முடித்தது முடித்ததுதான். அதில் ரசிகர்கள் சொன்னது சரி.

இன்னொரு சிக்கலும் கிளம்பியது. டாக்டர் 12 தடவைதான் மாறலாம் என்று 1976-ல் வந்த கதையிலேயே சட்டம் போட்டிருந்தார்கள். ஆள் மாறாமல் நின்றுபோன இந்த மாற்றம் கணக்கில் சேருமா, சேராதா? கடைக்காரர் பாக்கி நோட்டைப் பார்ப்பது போல ரசிகர்கள் விடாமல் பார்த்தார்கள். பதில் வர ஐந்து வருஷம் ஆனது. 2013 கிறிஸ்துமஸ் பகுதியில் "சேரும்" என்று தீர்ப்பு!

உண்மையில் அடி பட்டது யாருக்கு?

எல்லாரும் டாக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடி விழுந்தது வேறு இடத்தில்.

டாக்டரோடு சுற்றிய பெண் டோனா. லண்டனில் சிஸ்விக் பகுதியைச் சேர்ந்தவர். தற்காலிக குமாஸ்தா. இன்றைக்கு ஒரு ஆபீஸ், அடுத்த மாதம் வேறு ஆபீஸ். நிமிஷத்துக்கு 100 வார்த்தை டைப் அடிப்பார். "நான் ஒண்ணும் பெரிய ஆள் இல்லை" என்பதே அவர் நினைப்பு. நடித்தவர் கேத்தரின் டேட்.

அந்தக் கையைத் தொட்டதில் டாக்டரின் அறிவு முழுவதும் டோனா தலைக்குள் ஏறியது. 27 கிரகங்களைத் திருடி வைத்திருந்த எந்திரக் கூட்டத்தை மடக்கியது யார்? இந்த டைப்பிஸ்ட்தான். டாக்டர் அல்ல.

பலன்? மனித மூளை அவ்வளவைத் தாங்காது, விட்டால் செத்துப் போவார் என்று சொல்லி, டாக்டர் அவருடைய நினைவை அழித்தார். அவரோடு சுற்றிய நாட்கள் மொத்தமும் போயின. டோனா "வேண்டாம், வேண்டாம்" என்று கெஞ்சினார். கேட்கவில்லை. தாயாரிடமும் தாத்தாவிடமும் கொண்டுபோய் விட்டுவிட்டுப் போனார். கண் விழித்த டோனா டெலிபோனில் வெட்டிப் பேச்சு பேச ஆரம்பித்தார். டாக்டர் எதிரில் நின்றும் யாரென்று தெரியவில்லை.

"அவர்களில் ஒருவர் சாவார்" என்று முந்தின வாரமே கதையில் ஒரு ஆருடம் சொல்லியிருந்தார்கள். தங்க வெளிச்சத்தின் பரபரப்பில் அதைப் பலர் கவனிக்கவில்லை. உயிர் போகவில்லை, ஆனால் அந்த டோனா செத்தாள்.

ரசிகர்களின் நிஜமான சண்டை அப்புறம்தான் தொடங்கியது. உயிரைக் காப்பாற்ற என்றாலும், சம்மதம் இல்லாமல் ஒருத்தியின் நினைவை அழிக்க டாக்டருக்கு யார் அதிகாரம் கொடுத்தது? காப்பாற்றினாரா, பறித்தாரா? கதாநாயகன் பிழைத்தாரா என்ற கேள்வி ஏழு நாளில் தீர்ந்தது. இந்தக் கேள்வி 15 வருஷம் ஓடியது. 25-11-2023-ல் வந்த சிறப்புப் பகுதியில் டோனாவுக்கு நினைவைத் திருப்பிக் கொடுத்து உயிரோடும் வைத்த பிறகே ஆறியது. எழுதியவர் அதே டேவிஸ்.

பி.பி.சி. நேயர்களிடம் மார்க் கேட்பது உண்டு. தவிக்க வைத்த பகுதிக்கு நூற்றுக்கு 91. முடித்து வைத்த பகுதிக்கும் 91. திட்டினவர்கள் சத்தம் கேட்டது, மார்க் குறையவில்லை.

டெனன்ட் 2008 அக்டோபரில்தான் விலகலை அறிவித்தார். 1-1-2010-ல் ஆள் மாறினார்.

மறுபடியும் வெளிச்சம்

இதெல்லாம் பழைய வழக்கு என்று ஒதுக்க முடியாது. 31-5-2025 அன்று வந்த வரிசைக் கடைசிப் பகுதியில் டாக்டராக நடித்த ஷூட்டி கட்வா உடம்பில் மறுபடியும் தங்க வெளிச்சம். எழுந்து நின்ற முகம் பில்லி பைப்பருடையது. 2008-ல் தெருமுனையில் இருந்து ஓடி வந்தாரே, அதே ரோஸ்!

எழுத்துப் போடும்போது "அறிமுகம் பில்லி பைப்பர்" என்றார்கள். "டாக்டராக" என்ற வார்த்தையைக் காணோம். டாக்டரா, ரோஸா, வேறு ஆளா? மறுபடியும் இரண்டு கட்சி. எழுதியவர், சொல்லவும் வேண்டுமா, டேவிஸ்தான்.

அடுத்த சிறப்புப் பகுதி 2026 கிறிஸ்துமசுக்கு என்று பி.பி.சி. 2025 அக்டோபரில் அறிவித்தது. அன்று ஏழு நாள் காத்திருந்தார்கள். இந்தத் தடவை ஒன்றரை வருஷம்.